வெங்காயப் படம் போட்ட தாள்

பரிமளாவின் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டி என் மேசைக்கு வந்த அந்தக் காகிதத்தில் திருநீறு ஒட்டியிருந்தது. தொட்டதும் விரலில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். திருநீற்று மணத்துக்கு அடியில் வெங்காய வாசம். அப்போது மூன்று வருடமாக அந்த வாசத்தில்தான் நான் தூங்கி எழுந்துகொண்டிருந்தேன். பதிவு எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அது 2003, ஐப்பசி மாதம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்த ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தேன். தன்னாட்சி என்றால் கேள்வி கேட்பதும் திருத்துவதும் தண்டிப்பதும் கல்லூரியே. தேர்வில் யாராவது பிட்டு வைத்துப் பிடிபட்டால் விசாரணைக் கடிதத்தைத் தட்டச்சு செய்வது என் வேலை. கைக்குட்டையில் எழுதிவந்தவன், செருப்பின் அடியில் ஒட்டிவந்தவன் என்று எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று 'பெற்றோருடன் நேரில் வரவும்' என்ற இடத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

கையெழுத்துப் போட்ட முதல்வர் முகவரியைப் பார்த்துவிட்டு, "நீங்க இந்த வீட்லதானே குடியிருக்கீங்க லீலாவதி? கையிலயே குடுத்துடுங்க, தபால் செலவு மிச்சம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எதிலும் மிச்சம் பிடிக்கிறவர், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. வேலைக்காக சிறுவாச்சூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், செல்லதுரை வீட்டு மேற்கு அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் சின்ன வெங்காயம் போடுகிறவர். மனைவி பொன்னாயி. ஒரே மகள் பரிமளா, எங்கள் கல்லூரியில் தாவரவியல் மூன்றாம் ஆண்டு. நான் பாடம் நடத்துகிறவள் இல்லை என்று பலமுறை சொல்லியும் பொன்னாயி என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரிக்குத் தினமும் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் கேள்வி.

அன்று மாலை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மழை வரும்போலவும் இல்லை, வராது போலவும் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்தபடி இருந்தன. சாலையோரப் புளியமரங்களில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைத் தூறல் கரைத்து வழியவிட்டிருந்தது. எனக்கு லேசாகக் கண் சொக்கியது. அந்த அரைத் தூக்கத்தில் கடிதம் யாருக்கோ எழுதியது, நான் எங்கேயோ போகிறேன் என்று தோன்றியது. பஸ் இப்படியே நிற்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் பட்டறையைப் பிரித்திருந்தார்கள். ஆடியில் அறுத்த வெங்காயத்தில் விதைக்கென்று ஒதுக்கியதை, காற்றுப் புகும்படி மூங்கில் தட்டியும் கீற்றும் வைத்துக் கட்டிச் சேமிப்பதுதான் பட்டறை. ஐப்பசியில் அதைப் பிரித்து, அழுகியதையும் சுருங்கியதையும் கழித்து, மீதியை நடவுக்கு எடுப்பார்கள். அந்த ஒரு வாரமும் வீடு முழுக்கச் செந்நிறச் சருகு பறக்கும். சோற்றில் விழும், தலையில் ஒட்டும், காலையில் என் பாய்க்கடியில் கிடக்கும். மாலை வெயில் சாய்ந்து வரும்போது அந்தச் சருகுகள் வாசலில் மிதப்பதைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது. பொன்னாயி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பரிமளா வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நல்லா எழுதுனேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

"என்னா டீச்சரம்மா, கையில கடுதாசி?" என்றாள் பொன்னாயி.

"காலேஜ்ல குடுத்தாங்கக்கா. பரிமளாவுக்கு."

"பரிச்ச எழுதி முழுசா மூணு நா ஆவல. அதுக்குள்ள மார்க்கு வந்துட்டுதா?"

பரிமளா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கடிதத்தை வாங்கவில்லை.

"மார்க் இல்லம்மா. பரிச்சையில என்னைப் புடிச்சுட்டாங்க."

"யாரு புடிச்சா?"

"திருமுருகன் சார். காப்பி அடிக்கிறேன்னு. பென்சில் பொட்டிக்குள்ள பேப்பர் இருந்துச்சு."

"என்னா பேப்பரு?"

"நீ குடுத்தியே, துன்னூறு."

பொன்னாயி முறத்தைக் கீழே வைத்தாள். "துன்னூறுக்கு எதுக்குப் புடிக்கிறான்? அவன் வேற சாமி கும்புடறவனா?"

"துன்னூறுக்குப் புடிக்கலம்மா. நீ மடிச்சிருந்தியே, அந்தத் தாளுக்கு. அது என் நோட்டுத் தாளு. அதுல பாடம் இருக்கு."

பொன்னாயிக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸைக்கூட அதன் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பார்ப்பாள். அவள் என் பக்கம் திரும்பி, வழக்குச் சொல்கிறவள்போல நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் ஆத்தா கோயிலுக்குப் போனேங்க. அரிசி ஊறவெச்சு, அங்கயே இடிச்சு, மாவெளக்குப் போட்டேன். துன்னூறை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். பொட்டலம் கட்டிக் குடுக்கலாம்னு பாத்தா பழைய பேப்பருதான் கெடந்துச்சு. ஒரு பக்கம் லாரி அடிச்சுச் செத்தவன் படம். இன்னொரு பக்கம் எவளோ துணியில்லாம நிக்கிறா. அதுல சாமி துன்னூறை வெக்க மனசு வரல. இவ பையில தனியா ஒரு தாளு கெடந்துச்சு. அதுல வெங்காயப் படம். தண்ணிக் கிளாசு மேல வெங்காயம் ஒக்காந்துக்கிட்டு வேர் வுடுது. நம்ம வெங்காயந்தான்னு இவதான் எங்கிட்ட முன்னாடி காட்டுனா. சரி, ஆத்தாளோட நம்ம வெள்ளாமையும் கூடப் போவட்டும்னு அதுல மடிச்சேன். கேள்விப் பேப்பரு கைக்கு வந்ததும் பூசிக்கிட்டு எழுதுடின்னேன். இதுல என்னாங்க தப்பு?"

என் கைப்பையிலும் அடைக்கல மாதா படம் ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பொதிந்திருக்கும் தாள் என்ன தாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மண்வெட்டியோடு உள்ளே வந்த செல்லதுரை எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். "என்னா பண்ணுவாங்க?" என்றார்.

"ரெண்டு விதமா எழுதுவாங்கண்ணே. பேப்பர் கையில இருந்துச்சு, ஆனா பாத்து எழுதலைன்னா அந்த ஒரு பரிச்சை மட்டும் போவும். ஏப்ரல்ல சேத்து எழுதிக்கலாம். பாத்து எழுதியிருந்தா இந்தத் தடவை எழுதுன அத்தனையும் போச்சு. ஏப்ரல்லயும் வுடமாட்டாங்க. இனி அடுத்த ஐப்பசிதான்."

"மூணு வருசம்னு சொல்லித்தான் சேத்தேன்" என்றார். "அதுக்கு மேல ஒரு நா கூட என்னால ஆவாது. அவளுக்கே தெரியும்."

அவர் கத்தவில்லை. கால் கழுவப் போய்விட்டார். அந்த வீட்டில் அவர் மெதுவாகச் சொன்னது எதுவும் மாறியதில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனால் பரிமளாவின் படிப்பு அதோடு முடிந்தது என்பது எங்கள் மூவருக்கும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடவு. மண்ணை வரிசையாக மேடு கட்டிப் பார் போட்ட வயலில் தண்ணீர் விட்டு, ஈரம் இறங்கியதும் பாரின் இரண்டு பக்கமும் விதை வெங்காயத்தை விரலால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஏழெட்டுப் பெண்கள் நட்டார்கள். நானும் இறங்கினேன். நான் நடுவது கோணல்மாணலாகப் போகும். என் பின்னால் வருகிறவள் அதைப் பிடுங்கித் திரும்ப நடுவாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் நிற்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. தூறல் சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. வடக்கே எதுவும் தெரியவில்லை. பக்கத்து வயலில் பேசுகிறவர்கள் குரல் மட்டும் தூறல் மூட்டத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குப் பொன்னாயி கம்பங்கூழும், எண்ணெயில் வதக்கிய மிளகாயும், பட்டறையில் கழித்த வெங்காயமும் கொண்டுவந்தாள். நானும் பரிமளாவும் வரப்பில் தள்ளி உட்கார்ந்து குடித்தோம். கழித்ததுதான் ருசியான வெங்காயம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா" என்றாள் பரிமளா. "மைக்ராஸ்கோப்ல மொத மொத பாத்தது நம்ம வூட்டு வெங்காயந்தான். அமிர்தவல்லி மேடம் கேட்டு நான்தான் ஒரு பை கொண்டுபோனேன். வேரோட நுனியைக் கிள்ளி, சாயம் போட்டு, நசுக்கி வெச்சாங்க. உள்ள அறை அறையா இருக்கு. ஒவ்வொரு அறையிலயும் ஏதோ நடந்துக்கிட்டே இருக்கு. இங்கதான் நிக்கிறோம், இதுக்குக் கீழ அது நடந்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல."

"ம்."

"பதினாறாவது கேள்வி அதுதான். வெங்காய வேர் நுனியில செல் பிரியறது."

நான் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"துன்னூறு பூசலாம்னு பிரிச்சேன். படத்தைப் பாத்ததும் பக்குன்னுச்சு. உடனே மடிச்சு உள்ள வெச்சுட்டேன். சத்தியமாக்கா. அப்பறம் எல்லாம் நானாத்தான் எழுதுனேன். மூணாவது படத்துல சந்தேகம் வந்துட்டுது. செல்லு நடுவுல வரிசையா நிக்கிற குரோமோசோமெல்லாம் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் இழுபட்டுப் போவும். அப்ப ஒவ்வொண்ணும் வளைஞ்சிருக்கும். அந்த வளைவு எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியல. நான் உள்பக்கமாப் போட்டிருந்தேன்."

"அப்பறம்?"

"திரும்பப் பிரிச்சேன்."

தூறல் அவள் கண்ணிமையில் நின்றது. அழுகிறாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"வெளிப்பக்கம்னு இருந்துச்சு. அழிச்சுட்டு மாத்திப் போட்டேன். அப்பதான் சார் வந்தாரு."

"நீ எழுதிக்குடுத்த வாக்குமூலத்துல இது இருக்கா?"

"இல்ல. பேப்பர் என்னுதுன்னு மட்டும் எழுதச் சொன்னாரு. எழுதுனேன்."

"அப்ப அதோட வுடு" என்றேன். என் குரல் எனக்கே அவசரமாகக் கேட்டது. "அம்மா வந்து நடந்ததைச் சொல்லட்டும். கேட்டா எவருக்கும் மனசு எறங்கும். பாத்தியான்னு கேப்பாங்க. பாக்கலைன்னு சொல்லு. ஒரு வார்த்த. ஒரு வளைவுக்காக ஒரு வருசத்தைப் போக்கிக்காத."

அவள் தலையாட்டினாள். எத்தனையோ பேர் பொய் சொன்னதை நானே குறிப்பெழுதி, சிரித்து, கோப்பில் போட்டவள். அன்று வரப்பில் உட்கார்ந்து அதே பொய்யை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

புதன்கிழமை விசாரணை. பொன்னாயி திருவிழாவுக்குக் கட்டும் அரக்குச் சேலையில் வந்தாள். முதல்வருக்கென்று ஒரு மஞ்சள் பையில் மூன்று படி வெங்காயம் கொண்டுவந்திருந்தாள். அதை வாசல் காவலாளியை வாங்கிவைக்கச் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லஞ்சம் என்றால் அவளுக்குப் புரியவில்லை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்றாள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் முதல்வரும் தாவரவியல் துறைத் தலைவி அமிர்தவல்லி மேடமும் இருந்தார்கள். ஓரத்தில் குறிப்பெழுத நான். மேசை நடுவில் அந்தத் தாள், மடிப்புக் கோடுகளோடு.

"இது யாருதும்மா?" என்றார் முதல்வர்.

"என்னுது சார்" என்றாள் பரிமளா.

"அவுளுதுதாங்க, ஆனா வெச்சது நானுங்க" என்று பொன்னாயி முந்திக்கொண்டாள். மாவிளக்கு, பழைய பேப்பர், செத்தவன் படம், வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில், "தண்டன குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. களைவெட்டச் சொல்லுங்க, கக்கூசு கழுவச் சொல்லுங்க, செய்யறேன். அவளுக்குப் பொட்டிக்குள்ள என்னா தாளு இருக்குன்னே தெரியாது" என்றாள்.

முதல்வர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒட்டிய திருநீற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் இளகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

"பொட்டலத்தைப் பிரிச்சது துன்னூறு பூச. இல்லையா?" என்று பரிமளாவைக் கேட்டார்.

"ஆமா சார்."

"பாத்து எழுதல. அப்படித்தானே?"

பதிலையும் அவரே கொடுத்துவிட்டார். தலையை அசைத்தால் போதும். நான் பேனாவைத் தாளில் வைத்து 'பயன்படுத்தவில்லை' என்ற சொல்லின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன். வெளியே வேப்பமரத்தில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் எல்லாமே ரொம்ப மெதுவாக நடப்பதுபோல் இருந்தது.

"ரெண்டு தடவை பிரிச்சேன் சார்" என்றாள் பரிமளா. "மொத தடவை சாமிக்கு. ரெண்டாவது தடவை எனக்கு."

அமிர்தவல்லி மேடம் விடைத்தாளைப் புரட்டினார். மூன்றாவது படம் இருந்த இடத்தில் பென்சிலை அழித்த கறை லேசாகத் தெரிந்தது. அவர் அதை முன்பே பார்த்திருக்கவேண்டும். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வளைவா?" என்றார்.

"ஆமா மேடம்."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?" முதல்வர் குரலில் எரிச்சல். நல்லபடி முடிய இருந்ததைக் கெடுத்துவிட்டாளே என்ற எரிச்சல்.

"யாரும் சொல்லச் சொல்லல சார்." அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொன்னாயி மகளையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு தடவை பாத்தா என்னாங்க?" என்று கேட்டாள். "ஒரு தைரியத்துக்குப் பாக்கட்டும்னுதான நான் அதுல மடிச்சதே."

முதல்வர் விதிப்புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் போட்டிருந்த எழுத்தை அடித்துவிட்டு, 'பயன்படுத்தியதாகத் தானே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். தானே என்ற சொல்லை யாரும் எழுதச் சொல்லவில்லை. முதல்வர் படித்தார், அடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பொன்னாயி காலி மஞ்சள் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். வெங்காயத்தைக் காவலாளி தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டான். நான் பரிமளாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன்டி சொன்ன?"

"அம்மா சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்லக்கா. அதுக்குள்ள என் பொய்யை வெச்சு மடிக்க மனசு வரல."

செல்லதுரையிடம் நான்தான் சொன்னேன். வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நட்ட வெங்காயம் ஊசி முனை அளவுக்குப் பச்சை விட்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே அடுத்த மடையைத் திறந்தார்.

"இல்லேன்னு சொல்லியிருந்தா?"

"ஒரு பரிச்சையோட போயிருக்கும்ண்ணே."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் இல்லேன்னு சொல்லச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் பாரின் கடைசிவரை போய்ச்சேர்ந்ததும் மடையை அடைத்தார்.

"மூணுன்னு சொன்னேன்" என்றார். "நாலுன்னு வெச்சுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் வெங்காய வேலை கெடக்கு, வூட்ல இருக்கட்டும்."

அதை அவரே போய் மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். நான் வரப்பில் ஓடினேன். வழுக்கி விழுந்து, சேறும் சிரிப்புமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அந்த ஒரு வருடம் எப்படிப் போனதென்று இப்போது யோசித்தால் சருகு பறப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பரிமளா களை வெட்டினாள், அறுத்தாள், பட்டறை கட்டினாள். மதியம் என் அறையில் வந்து அந்த நான்கு படங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். வளைவு வெளிப்பக்கம். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மறு ஐப்பசியில் பட்டறையைப் பிரித்தார்கள். தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பொன்னாயி சிறுவாச்சூர் போய்வந்தாள். திங்கட்கிழமை காலை என் கதவருகே வந்து நின்றாள். முந்தானையில் திருநீற்று முடிச்சு.

"டீச்சரம்மா, ஒங்க ஆபீசுல எழுதாத தாளு இருக்குமா?"

தட்டச்சுக்கு வைத்திருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"நீங்க ஒரு தடவ படிச்சுப் பாத்துச் சொல்லிடுங்க. எனக்குத் தெரியாதுல்ல."

அந்த வெள்ளைத் தாளை வாங்கி, மேலிருந்து கீழே, மூலை மூலையாகப் படித்தேன். என் வேலையில் எந்தத் தாளையும் அவ்வளவு கவனமாக நான் படித்ததில்லை.

"ஒண்ணும் இல்லக்கா."

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் இல்ல."

அவள் அதில் திருநீற்றைக் கொட்டி மடித்தாள். செருப்புப் போட்டுக்கொண்டிருந்த பரிமளா கை நீட்டி வாங்கிப் பென்சில் பெட்டியில் வைத்தாள்.

"ஒரு தடவைதாம்மா பிரிப்பேன்."

"எத்தன தடவ வேணாலும் பிரிச்சுக்க" என்றாள் பொன்னாயி. "அதுல ஒண்ணுமில்லன்னு டீச்சரம்மா படிச்சுச் சொல்லிட்டாங்க."